ஒரு தட்டு என்றால் ஆம்

யோர்க் வீதிக் கப்பல் கம்பெனியில்
இரவில் கூட்டித் துடைப்பது என் வேலை.
வயது பதினாறு. காது கேட்கும். பேச்சுத்தான் இல்லை.
நாலு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது
கையோடு கொண்டுபோய்விட்டது.

பத்து மணிக்கு சுவிச்போட் மிஸ்ஸி
உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்துக்கொண்டு
கடைசி ட்ராமுக்கு ஓடுவாள்.
யுத்தம் என்றால் எனக்கு அப்போது
பாண் வரிசை,
சன்னலில் ஒட்டிய கறுப்புக் கடதாசி,
அவ்வளவுதான்.

பலகையில் நாற்பது துளை.
நாற்பத்தோராவது துளை கிடையாது.
அதன் மூடிதான் ஒருநாள் விழுந்தது,
சுவரிலிருந்து பல்லி விழுவதுபோல.

செருகினேன்.
ஒரு லஸ்கார், எந்தக் கப்பலோ, எந்தப் பாஷையோ,
சிட்டகாங்கில் மழை விட்டதா என்று கேட்டான்.
ஒரு பெண், அடுப்பை யாராவது அணைத்தார்களா என்றாள்.
நிலக்கரி சுமந்த ஒருவர் இருமினார்,
மன்னிப்புக் கேட்டார், மறுபடி இருமினார்.
செத்தவர்கள். அது அவர்களுக்குத் தெரியாது.
தெரிந்தவர்கள் கோல் எடுப்பதில்லை.

அவர்கள் கேட்ட வீடுகளில் டெலிபோன் ஏது?
ஒருவரை மற்றவரோடு இணைத்துவிட்டேன்.
விடிய விடிய
மழையைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் பேசினார்கள்.

என்னை ஏதும் கேட்டால் குழலில் தட்டுவேன்.
ஒன்று என்றால் ஆம். இரண்டு என்றால் இல்லை.
அது சேகுதாவூது போட்ட சட்டம்.
அண்ணனோடு கிரேன் ஓட்டுகிறவன், மெசெஞ்சர் வீதிக்காரன்.
ஊமை என்றால் செவிடும்தான் என்று
ஊரே என்னிடம் கத்தும்.
அவன் மட்டும் கதவில் ஒரு தட்டுத் தட்டி
நான் உள்ளிருந்து தட்டும்வரை நிற்பான்.

பெரிய சனி இரவு
புளியை உலுக்கியதுபோல் மூடிகள் விழுந்தன.
எல்லாம் புதுக் குரல்கள். எல்லாம் துறைமுகம்.
அதில் ஒன்று என் அண்ணன் சவிரிமுத்து:
"அம்மாட்டச் சொல்லுங்க, இடியப்பத்த மூடி வைக்கட்டும்.
வரச் சுணங்கும்."
அந்நேரம் அவன் ஜம்பட்டா வீதியில்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஊமை கண்ட கனவு என்பார்களே.
நான் தூங்கவேயில்லை. ஓடினேன்.

துறைமுக வாசலில் பித்தளை டோக்கன் கேட்பார்கள்.
அண்ணனின் காற்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து
நாக்குக்கடியில் வைத்துக்கொண்டேன்.
பாய், பெட்டி, அந்தோனியார் சுரூபத்தின் முதுகுப்பக்கம்,
எல்லாம் தேடினான்.
என்னைத் தேடவில்லை.
வாயைத் திற என்று
ஊமையிடம் யார் சொல்வார்கள்?

லூசியாள் கோயில் மணி அடித்தது.
கதவில் ஒரு தட்டு.
"டோக்கன் இல்லையா? உடு மச்சான்,
இன்டைக்கு ஒங்கட பெருநாள்தானே.
ஒன்ட வேலைக்கு நான் போறன்."
பிறகு என்னைப் பார்த்து, விளையாட்டாக:
"போகவா?"

கதவு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
இரண்டு தட்டு. வேறொன்றும் வேண்டாம்.
வாய் நிறையப் பித்தளை.
கை இரண்டும்
அண்ணனின் சட்டையைப் பிடித்திருந்தன.

ஏழரைக்கு விமானங்கள் வந்தன.
அதை அண்ணன் சொல்வான்,
அவனுக்கு வாய் இருக்கிறது.

திங்கள் இரவு கம்பெனி சன்னல்களில்
கடதாசி இருந்தது, கண்ணாடி இல்லை.
கூட்டிக் குவித்தேன்.
நாற்பத்தோராவது மூடி விழுந்தது.
விழுந்தது விழுந்தபடி கிடக்க
அந்த அறை முழுவதும் ஒருமுறை கூட்டினேன்.
கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன்.
பிறகு செருகினேன்.

குரல் இல்லை. அந்தப் பக்கம் ஒரு தட்டு.
இந்தப் பக்கம் ஒரு தட்டு.

"எஸ்கொலா? நீயா?
சவிரி எப்பிடி, தப்பிட்டானா?"

ஒரு தட்டு.

"அல்ஹம்துலில்லாஹ்."
சிரித்தான். சிரிப்புக்குப் பின்னால்
தண்ணீர் ஏறி இறங்கியது.
"நானும்தானே?"

விரல் குழலுக்கு மேலே நிற்கிறது.
நாக்கடியில் இன்னும் போகவில்லை அந்த ருசி.

"எஸ்கொலா?"